லால்பாக் பாறையும் குழந்தைகளும்

பெங்களூரின் லால்பாக் பூங்காவை 1760இல் ஹைதர் அலி அமைக்கத் தொடங்கினார். மகன் திப்பு சுல்தான் வெளிநாடுகளிலிருந்து செடிகளையும் விதைகளையும் தருவித்து அதை வளர்த்தார். இன்று பரப்பு சுமார் 240 ஏக்கர். சிறு பிள்ளைகளுக்கு அத்தனையையும் ஒரே நாளில் காட்ட முனைந்தால் கால்வலிதான் மிஞ்சும். நான்கைந்து இடங்களை நிதானமாகப் பார்ப்பதே நல்லது.

முதலில் பாறைக்குப் போகலாம். உச்சியில் கெம்பே கௌடா கோபுரம் நிற்கும் இந்தப் பாறைமேட்டுக்கு வயது ஏறத்தாழ 300 கோடி ஆண்டுகள். டைனோசர்கள் தோன்றியே 23 கோடி ஆண்டுகள்தான் ஆகின்றன என்று சேர்த்துச் சொன்னால் பிள்ளைகளின் கண்கள் விரியும். பூமியின் ஆழத்தில் கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறிய ‘நைஸ்’ வகைப் பாறை இது. குனிந்து பார்த்தால் வெளிர் பட்டையும் கரும்பட்டையும் மாறி மாறி நெளிந்தோடுவது தெரியும். அந்த வரிகளை விரலால் தடவிக்கொண்டே போகும் குழந்தைக்கு, கல்லும் ஒரு காலத்தில் வளைந்து கொடுத்தது என்பது பாடம் எடுக்காமலே விளங்கிவிடும். வெயில் ஏறினால் பாறை சுடும். காலையிலேயே ஏறிவிட வேண்டும்.

அடுத்து, கல்லாகிப்போன மரத்துண்டு. விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரையிலிருந்து வந்தது. வயது 2 கோடி ஆண்டுகள். மண்ணில் புதைந்த மரத்துக்குள் நிலத்தடி நீர் கொண்டுவந்த சிலிக்கா மெல்ல மெல்லப் படிந்ததால், மரத்தின் உருவம் அப்படியே கல்லில் தங்கிவிட்டது. இதைப் பார்த்த கையோடு, உயிருள்ள பெரிய இலவம்பஞ்சு மரத்தையும் காட்ட வேண்டும். சுவர்போல எழும் அதன் பலகை வேர்களின் அருகில் பெரியவர்களும் சிறியவர்களாகத் தெரிவார்கள்.

கண்ணாடி மாளிகைக்கு 1889இல் அடிக்கல் நாட்டப்பட்டது. லண்டனின் கிரிஸ்டல் பேலஸை மனத்தில் வைத்து இரும்பிலும் கண்ணாடியிலும் கட்டப்பட்டது இது. அப்போது பூங்காவின் பொறுப்பில் இருந்த ஜான் கேமரூன்தான் சௌசௌவை இங்கே அறிமுகப்படுத்தியவர் என்பர். தமிழ்நாட்டுச் சந்தைகளில் அதற்குப் பெங்களூர் கத்தரிக்காய் என்றே பெயர். சாம்பாரில் போடும் காய்க்கு இப்படி ஒரு கதை இருப்பது பிள்ளைகளுக்குப் பிடிக்கும்.

குடியரசு தினத்தையும் சுதந்திர தினத்தையும் ஒட்டி நடக்கும் மலர்க் கண்காட்சி அழகுதான். ஆனால் கூட்டம் நெரியும். கைக்குழந்தையோடு வருபவர்கள் வேறு நாளில், அதிலும் வார நாளில் வருவதே உத்தமம். பசுமைத் தட மெட்ரோவில் லால்பாக் நிலையத்தில் இறங்கினால் மேற்கு வாயில் பக்கம்.