பெயருக்கு முன்னே ஓர் ஊர்

தமிழ்ப் புலவர்கள் தம் பெயருக்கு முன்னே ஊர்ப்பெயரைச் சூடிக்கொள்வது இன்று நேற்று வந்த வழக்கமன்று. ஆலத்தூர் கிழார், கோவூர் கிழார் என்று ஊரின்றிப் பேரே இல்லாத சங்கப் புலவர் பலர். உறையூர் ஏணிச்சேரி முடமோசியார் என்னும்போது ஊர் மட்டுமா வருகிறது? அவர் வாழ்ந்த சேரியும் கூடவே வந்து நிற்கிறது. ஈழத்திலும் நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசரை ஊரிலிருந்து பிரித்து நினைக்க நம்மால் இயலாது.

ஆனால் மாத்தளை சோமு, மாத்தளை கார்த்திகேசு, மாத்தளை வடிவேலன் என்ற பெயர்களை அடுத்தடுத்துச் சொல்லிப் பார்க்கும்போது, அந்த முன்பெயரில் வேறொரு தொனி கேட்கிறது. ஏணிச்சேரியார்க்குத் தம் ஊர் தம்முடையதுதானா என்ற ஐயம் ஒருநாளும் எழுந்திராது. மலையகத் தமிழனுக்கோ அந்த ஐயத்தைச் சட்டமே எழுப்பியது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவனை நாடற்றவனாக்கிற்று. மறு ஆண்டு வாக்குரிமையும் போயிற்று. வாழ்ந்த லயம் தோட்டத்தின் சொத்து. விளைத்த மண் கம்பனியின் சொத்து. தனக்கென்று ஒரு பிடி நிலமும் எழுதித் தரப்படாத சமூகத்தின் கதையைச் சொல்ல வந்தவர்கள், ஊரைத் தம் பெயரிலேயே எழுதிக்கொண்டார்கள். காணி உறுதி இல்லாத குறையைக் கையெழுத்து நிறைவு செய்தது.

கடந்த சில ஆண்டுகளாக மாத்தளைப் பக்கம் போகும் போதெல்லாம் அங்குள்ள எழுத்தாளர், கூத்துக்காரர், கதை சொல்லும் முதியோர் ஆகியோருடன் உரையாடுவதை நான் வழக்கமாகக் கொண்டிருக்கிறேன். அவ்வுரையாடல்களிற் கேட்டவற்றையும், கேட்டபின் எண்ணியவற்றையும் இங்கே தொகுத்துத் தருகிறேன்.

வழிநடை

மாத்தளையின் தமிழ்க் கதை நடையிலே தொடங்குகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்கென்று தமிழகத்திலிருந்து வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காட்டினூடே தம்புள்ளை வழியாக மாத்தளை வரை கால்நடையாகவே வந்தனர். தண்ணீர்ப் பஞ்சமும் வாந்திபேதியும் காய்ச்சலும் வழிநெடுக அவர்களைத் தின்றன. உயிரோடு வந்து சேர்ந்தவர்களுக்கு மாத்தளையே முதல் மலை, முதல் சந்தை, முதல் மாரியம்மன். பிழைத்து வந்தவர்களின் நன்றிக்கடனாக வளர்ந்ததே மாத்தளை முத்துமாரியம்மன் வழிபாடு என்பது அங்குள்ளோர் மரபாகச் சொல்லும் செய்தி. மாசி மகத்தன்று ஐந்து தேர்கள் உலாவரும் அத்தெருவில் நிற்கிறவனுக்கு, அந்த நன்றி இன்னும் தீரவில்லை என்றே தோன்றும். 

1880இல் புகையிரதம் மாத்தளைக்கு வந்தது. கோப்பி நோயுற்று அழியத் தேயிலையும் கொக்கோவும் றப்பரும் வந்தன. பயிர் மாறினாலும் பிரட்டுக்களம் மாறவில்லை. 2023ஆம் ஆண்டு, மலையக மக்கள் வந்து இருநூறு ஆண்டு நிறைந்ததை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஒரு நடைபயணம் நிகழ்ந்தது. ஜூலை 28ஆம் நாள் புறப்பட்டவர்கள் ஆகஸ்ட் 12ஆம் நாள் மாத்தளையை அடைந்தனர். தம் முன்னோர் விழுந்த வழியை நடந்தே வாசித்தார்கள் என்று சொல்லலாம். அவ்வழிக்கு வேறு ஏடு ஏது?

காமன் ஊன்றிய களம்

ரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றில் காமன் கூத்து வாத்தியார் ஒருவரைக் கண்டு பேசினேன். எழுபது வயதைக் கடந்தவர். இளமையில் ரதி வேடம் கட்டியவர். பின்னர் பாட்டெடுத்துக் கொடுக்கும் வாத்தியாராக உயர்ந்தவர். 

மலையகத்தின் பெருங் கூத்துகள் மூன்று: காமன் கூத்து, அருச்சுனன் தபசு, பொன்னர் சங்கர். இவற்றுள் காமன் கூத்தே தோட்டத்து மக்களின் உயிரோடு கலந்தது. மாசி மாதத்து மூன்றாம் பிறையன்று களத்திற் கம்பம் நாட்டிக் காமனை ஊன்றுவார்கள். அன்று முதல் வேடம் கட்டுவோர் விரதம் காப்பர். இரவுதோறும் தப்பு முழங்கும். காமனும் ரதியும் மணப்பர், சிவனார் தவத்தைக் கலைக்கத் தூது வரும், ரதி தடுப்பாள், காமன் கேளான். பௌர்ணமியை ஒட்டிய இரவில் நெற்றிக்கண் திறக்கும், காமன் எரிவான். ரதியின் ஒப்பாரி விடியுமட்டும் மலையிடுக்கில் எதிரொலிக்கும். மூன்றாம் நாள் அவன் உயிர்த்தெழுவான். பகலெல்லாம் மலையேறிக் கொழுந்து பறித்தவர்கள், இரவில் கண்விழித்துக் கண்டது தேவர் கதையை மட்டுமல்ல. வேலைக்குப் போனவன் திரும்பி வராத தம் வீட்டுக் கதையையும்தான்.

“பாட்டு முழுவதும் எழுதி வைத்திருக்கிறீர்களா, ஐயா?” என்று கேட்டேன்.

வாத்தியார் சிரித்தார். “எழுதினது ஒன்று இருந்தது, தம்பி. என் வாத்தியார் கையெழுத்து. ஒப்பந்தத்தில் அவருக்கு இந்தியா விழுந்தது. பெட்டியோடு நோட்டும் போய்விட்டது.”

‘ஒப்பந்தம்’ என்று அவர் குறித்தது 1964ஆம் ஆண்டின் ஸ்ரீமா – சாஸ்திரி உடன்படிக்கையை. ஐந்தேகால் இலட்சம் பேரை இந்தியாவும் மூன்று இலட்சம் பேரை இலங்கையும் ஏற்பதென்று அதில் முடிவாயிற்று. எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. மனிதரை எண்ணிப் பங்கிட்டவர்கள், அம்மனிதர் நெஞ்சிலிருந்த பாட்டை எண்ணவில்லை. காமனாக ஆடியவன் நீலகிரிக்குப் போனால், ரதியாக ஆடியவன் ரத்தோட்டையில் இருப்பான். கேள்வி ஒரு கரையிலும் பதில் மறுகரையிலும் நிற்கும்.

நோட்டுப் போனபின் கூத்து எவ்வாறு நடந்தது என்று வாத்தியார் விளக்கினார். அவரவர் ஆடிய வேடத்தின் பாட்டு அவரவர்க்குத் தெரியும். எல்லாரையும் களத்தில் நிறுத்தித் தப்பை அடித்தால், ஒருவன் பாட்டின் கடைசி அடி அடுத்தவன் பாட்டின் முதலடியை இழுத்துக்கொண்டு வரும். அவ்வாறு பத்துப் பன்னிரண்டு நெஞ்சங்கள் சேர்ந்து ஒரு நூலாயின. இப்போதோ, தக்கன் வேடத்துக்காரர் காலமாகிவிட்டார். வீரபத்திரன் கொழும்பில் ஓட்டல் வேலைக்குப் போய்விட்டான். ஒவ்வொருவர் நீங்கும்போதும் நூலின் நடுவே சில பக்கங்கள் கிழிகின்றன.

“நீங்கள் சொல்லுங்கள், நான் எழுதிக்கொள்கிறேன்” என்றேன்.

“உட்கார்ந்து சொன்னால் வராது, தம்பி. கால் ஆடினால்தான் வாய்க்கு வரும். மாசியில் வாருங்கள்” என்றார் அவர்.

இதிலே ஒரு பெரிய உண்மை அடங்கியிருக்கிறது. நாட்டார் கலையைத் தொகுக்கப் புறப்படும் படித்தவர்கள் தாளும் பேனாவும் போதுமென்று எண்ணுகிறார்கள். அந்தப் பாட்டோ காலத்தோடும் களத்தோடும் கட்டுண்டது. அதே தோட்டத்தில் லயத்து வாசலில் அமர்ந்திருந்த முதியவள் ஒருத்தி ஒப்பாரியில் வல்லவள் என்று பலரும் சொன்னார்கள். பாடிக் காட்டும்படி வேண்டியபோது அவள் காதைப் பொத்திக்கொண்டாள். “சாவு விழாத வீட்டில் ஒப்பாரி வைக்கலாமா, ஐயா? பிள்ளைகள் இருக்கிற இடம்!” என்று கடிந்தாள். அதற்குமேல் கேட்பது பண்பன்று. தாலாட்டு ஒன்று பாடினாள். அதற்கும் மடியிற் பேத்தியைக் கிடத்திக்கொண்ட பிறகே குரல் எழுந்தது.

பேனா பிடித்தவர்கள்

வாய்மொழிக்கு இத்தனை வளமிருந்த மண்ணில் அச்செழுத்து வர நெடுங்காலமாயிற்று. அந்த இடைவெளியை நிரப்பியவை பெரிய எழுத்துப் புத்தகங்கள். அல்லி அரசாணி மாலையும் பவளக்கொடியும் தேசிங்குராசன் கதையும் லயங்களிலே உரத்து வாசிக்கப்பட்டன. எழுத்தறிந்தவர் ஒருவர் வாசிப்பார். வரிசை முழுவதும் கேட்கும். அறுபதுகளில் வீரகேசரி நடத்திய மலையகச் சிறுகதைப் போட்டிகள், கேட்டவர்களின் பிள்ளைகளை எழுத வைத்தன. அப்பரிசுக் கதைகள் ‘கதைக்கனிகள்’ என்ற பெயரில் 1971இல் நூலாயின.

மாத்தளை எழுத்தாளரின் கூட்டு முயற்சியாக 1980இல் வந்தது ‘தோட்டக்காட்டினிலே’. மலரன்பன், மாத்தளை வடிவேலன், மாத்தளை சோமு ஆகிய மூவரின் சிறுகதைகள் அதில் இடம்பெற்றன. ‘தோட்டக்காட்டான்’ என்பது நகரத்தார் வாயில் வசைச்சொல்லாக வழங்கிய காலம் அது. அச்சொல்லின் அடியையே எடுத்து நூலின் முகப்பில் தலைப்பாக வைத்தமை சிறு செயலன்று. பின்னர் மலரன்பனின் ‘கோடிச்சேலை’ சாகித்தியப் பரிசு பெற்றது. வடிவேலன் ‘வல்லமை தாராயோ’ என்ற சிறுகதைத் தொகுதியோடு நில்லாமல், மலையகத்தின் பாரம்பரியக் கலைகளைப் பற்றியும் நூல் எழுதினார். கதை எழுதும் கை, கூத்தையும் வழிபாட்டையும் பதிவுசெய்ய முற்பட்டமை நம் பொருளுக்கு மிக முக்கியமானது. கார்த்திகேசு நாடகமும் நாவலும் எழுதியதோடு, ‘அவள் ஒரு ஜீவநதி’ என்ற திரைப்படத்தையும் 1980இல் தயாரித்து வெளியிட்டார். உலகக் கவிதைகளைத் தமிழில் ஆக்கிக் ‘காற்றின் மௌனம்’ தந்த பண்ணாமத்துக் கவிராயரும் மாத்தளைக்காரரே. அவரும் ஊரொன்றின் பெயரைப் புனைபெயரின் தலையிற் சூடியவர்.

1983ஆம் ஆண்டு ஜூலையில் மாத்தளை நகரத்துத் தமிழர் கடைகளும் வீடுகளும் தீக்கிரையாயின. கோயிலும் தாக்குதலுக்குத் தப்பவில்லை. ஊரைப் பெயரில் தாங்கியவர்களுள் சிலர் ஊரைவிட்டு நீங்க நேர்ந்தது. மாத்தளை சோமு ஆஸ்திரேலியாவில் குடியேறினார். அவர் நூலொன்றின் பெயர் ‘நமக்கென்றொரு பூமி’. கடல் கடந்தும் அவர் முன்பெயரை மாற்றிக்கொள்ளவில்லை.

மாத்தளையில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரிடம் இதைப் பற்றிப் பேசியபோது அவர் சொன்னார்: “குடியுரிமைப் பத்திரத்தைச் சட்டம் கொடுக்கவும் செய்யும், பறிக்கவும் செய்யும். பெயரைப் பறிக்க எந்தச் சட்டத்தாலும் ஆகாது.” நாடற்றோர் என்ற நிலை முற்றாக நீங்க 2003ஆம் ஆண்டின் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது என்பதை நினைத்தால், அவர் சொல்லின் எடை விளங்கும்.

அலுவிகாரையின் பாடம்

மாத்தளை நகரிலிருந்து வடக்கே சிறிது தொலைவில் அலுவிகாரை. நெஞ்சிலிருந்த மொழியை ஏட்டில் இறக்கிவைத்ததனாலேயே உலகப் புகழ் பெற்ற இடம் இது. கி.மு. முதலாம் நூற்றாண்டில், வட்டகாமினி மன்னன் காலத்தில், போரும் பஞ்சமும் நாட்டை வாட்டின. திரிபிடகத்தை மனப்பாடமாகக் காத்துவந்த துறவியர் ஒவ்வொருவராக மறைந்தால் ஓதுவோர் இன்றி அறம் அழியுமே என்று அஞ்சி, அதனை இங்கே ஓலையில் எழுதினார்கள் என்பது வரலாற்று மரபு. 

அதே ஊரிற் பிறந்த இன்னொரு முயற்சியையும் இங்கே நினைக்க வேண்டும். பத்திக் கலைஞர் ஏனா டி சில்வா, கொழும்பிற் புகழ் பெற்ற பின் எண்பதுகளில் தம் மூதூரான அலுவிகாரைக்குத் திரும்பி, சுற்றுப்புறக் கிராமத்துப் பெண்களுக்கும் ஆண்களுக்கும் துணிச்சாயம், பூத்தையல், பித்தளை வார்ப்பு முதலிய கைவினைகளுக்கான களம் அமைத்தார். 2015இல் அவர் மறைந்தார். கலை வாழவேண்டுமாயின் பாராட்டு மட்டும் போதாது. கைகளுக்கு வேலையும் கற்பதற்கு இடமும் வேண்டும் என்பதை அவர் செய்து காட்டினார்.

இன்னும் வடக்கே போனால், இதே மாவட்டத்தில் சிகிரியா. அங்குள்ள கண்ணாடிச் சுவரில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வந்து போனவர்கள் சிங்களத்திற் பாடல்கள் கீறிவைத்தனர். பேராசிரியர் பரணவிதான 685 பாடல்களைப் படித்து 1956இல் வெளியிட்டார். பாடியோருட் பலர் தம் பெயரோடு ஊரையும் சேர்த்தே பொறித்திருக்கிறார்கள். மன்னனின் மாளிகை இடிந்தது. வழிப்போக்கனின் ஊரும் பேரும் நின்றன.

இவ்விரண்டையும் அண்டையிலே வைத்துக்கொண்டு, காமன் கூத்துப் பாட்டை நாம் காற்றில் விடலாமா? ஒரு தோட்டத்துக் கூத்தையாவது, மாசி மாதத்தில், அதன் களத்திலேயே, ஆடுவோர் அனைவரையும் கூட்டி, முதல் பிறையிலிருந்து உயிரெழுப்பும் நாள் வரை முழுமையாகப் பதிவு செய்தல் வேண்டும். ஒலிப்பதிவுக் கருவி இன்று எல்லார் கையிலும் இருக்கிறது. தோட்டப் பாடசாலை மாணவர்களே தம் தாத்தாவின் பாட்டை எழுதலாம். எழுதியதை அவரிடமே வாசித்துக் காட்டித் திருத்திக்கொள்ளலாம். கொழும்புக்குப் போன வீரபத்திரனுக்கு ஒரு மாத விடுமுறையும் வழிச்செலவும் பெற்றுக் கொடுக்க முன்வருவோர் இருப்பின், அதுவும் இலக்கியத் தொண்டே. 

மாத்தளை தன் பெயரை எழுத்தாளர் பலருக்குத் தந்திருக்கிறது. பெயரில்லாமலே அவ்வூரைப் பாடியவர்கள் அவர்களினும் மிகப் பலர். அவர்கள் நெஞ்சிலுள்ள ஏட்டைப் பிரிக்க அடுத்த மாசிக்கு மேல் தவணை கேட்பது தகாது. தக்கன் ஏற்கெனவே போய்விட்டான்.