அரைக் கிலோவைக் குறைக்கும் பாடு

ஃபால்ஸ் சீலிங் போடுகிறவர் நாளின் பெரும்பகுதியை ஏணியில் நின்று, கையைத் தலைக்கு மேலே தூக்கியபடியே கழிக்கிறார். அவர் பிடித்திருக்கும் கார்ட்லெஸ் டிரில் பேட்டரியோடு சேர்த்து ஒன்றரை முதல் இரண்டு கிலோ வரை இருக்கும். பெரிய பேட்டரி போட்டிருந்தால் அதில் அரைக் கிலோவுக்கு மேல் பேட்டரியின் எடைதான். கடையில் எடுத்துப் பார்க்கும்போது அது பெரிதாகத் தெரியாது. அதே கருவியை உயர்த்திப் பிடித்து நூறு ஸ்க்ரூ இறக்கினால் தோள்பட்டையும் மணிக்கட்டும் ஒவ்வொரு கிராமையும் உணரும். கருவி தயாரிக்கும் நிறுவனங்கள் இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பேட்டரியின் எடையோடும் பருமனோடும் போராடி வருவது இந்தக் கைக்காகத்தான்.

கைப்பிடியின் அடியில் பேட்டரி தொங்குவதில் ஒரு நன்மையும் உண்டு. மேலே மோட்டாரும் கியரும் முன்பக்கம் இழுக்கும்போது, கீழே உள்ள எடை அதைச் சமன் செய்கிறது. கருவியை நிமிர்த்தி வைத்தால் விழாமல் நிற்கிறது. ஆனால் அந்தச் சமநிலைக்குச் சிறிய எடையே போதும். அதற்கு மேல் ஏறுவதெல்லாம் கைக்குச் சுமை.

ஒயர் இல்லாத டிரில்லை அமெரிக்காவின் பிளாக் அண்ட் டெக்கர் நிறுவனம் 1961இல் அறிமுகப்படுத்தியது. அன்று கிடைத்தது நிக்கல்-காட்மியம் பேட்டரி. அதன் ஒரு செல் தருவது வெறும் 1.2 வோல்ட். ஜப்பானின் மக்கிட்டா 1978இல் கொண்டுவந்த 7.2 வோல்ட் டிரில்லுக்கு ஆறு செல்கள் தேவைப்பட்டன. பிறகு வலு போதவில்லை என்று 9.6, 12, 14.4, 18 என வோல்ட் ஏற ஏற, செல்களின் எண்ணிக்கையும் ஏறியது. 18 வோல்ட்டுக்குப் பதினைந்து செல்கள். ஒவ்வொன்றும் ஐம்பது கிராமைத் தொடும். ஆக செல்கள் மட்டுமே முக்கால் கிலோ. சேமிப்பு 2 ஆம்பியர்-அவர் என்று கணக்கிட்டால், இவ்வளவு எடைக்கும் சேர்ந்து அதில் தேங்கியிருந்த ஆற்றல் 36 வாட்-அவர்தான்.

லித்தியம்-அயான் இந்தக் கணக்கைத் தலைகீழாக்கியது. ஒரு செல்லுக்கு 3.6 வோல்ட் என்பதால் பதினைந்து செல்கள் செய்த வேலைக்கு ஐந்து போதும். ஐந்து செல்களின் எடை சுமார் 225 கிராம், தலைக்கு 2.5 ஆம்பியர்-அவர் கொண்ட செல் என்றால் ஆற்றல் 45 வாட்-அவர். மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான எடையில் கூடுதல் ஆற்றல்.

சோனி நிறுவனம் லித்தியம்-அயான் பேட்டரியை 1991இலேயே சந்தைக்குக் கொண்டுவந்துவிட்டது. ஆனாலும் அது டிரில்லுக்குள் நுழையப் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆனது. கேமராவும் லேப்டாப்பும் மின்சாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்பவை. மரத்தில் சிக்கிய டிரில் பிட்டோ நொடிப்பொழுதில் முப்பது, நாற்பது ஆம்பியர் கேட்கும். அதைத் தாங்கும் செல்கள் வந்த பிறகுதான் கதவு திறந்தது. 2003இல் பாஷ் நிறுவனத்தின் இக்ஸோ என்ற சிறிய ஸ்க்ரூ டிரைவர் லித்தியத்தோடு வந்தது. 2005இல் மில்வாக்கி 28 வோல்ட் கருவிகளைக் கொண்டுவந்து, கட்டுமானத் தளத்திலும் லித்தியம் நிற்கும் என்று காட்டியது. காட்மியம் நச்சு உலோகம் என்பதால் ஐரோப்பிய ஒன்றியம், கருவிகளுக்கு அதுவரை கொடுத்திருந்த விலக்கை 2016 இறுதியோடு முடித்துக்கொண்டது.

இன்றைய 18 வோல்ட், 5 ஆம்பியர்-அவர் பேட்டரி ஒன்றின் ஓட்டைக் கழற்றினால் உள்ளே பத்து உருளைச் செல்கள் இரண்டு வரிசையாகப் படுத்திருக்கும். ஒவ்வொன்றும் 18 மில்லிமீட்டர் குறுக்களவும் 65 மில்லிமீட்டர் நீளமும் கொண்டது. அதனால்தான் அதற்கு 18650 என்று பெயர். செல்களைப் பிடித்து வைக்க ஒரு பிளாஸ்டிக் சட்டம், அவற்றை இணைக்க வெல்டிங் வைத்த நிக்கல் பட்டைகள், சூட்டை அளக்கும் சென்சார், மேலே ஒரு சர்க்யூட் போர்டு. மொத்த எடை 600 கிராமைத் தாண்டும். அதில் 450 கிராம் செல்கள். மிச்சமுள்ள பிளாஸ்டிக்கிலும் பட்டையிலும் குறைக்க அதிகம் இல்லை, ஏனென்றால் சாரத்திலிருந்து விழுந்தாலும் உடையாத ஓடு வேண்டும். எடை குறைய வேண்டுமானால் செல்லில்தான் கைவைக்க வேண்டும்.

பத்துக்குப் பதில் ஐந்து செல்லைப் போட்டுவிட்டால் என்ன? சேமிப்பு பாதியாகும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதைவிடப் பெரிய சிக்கல் சூடு. ஒவ்வொரு செல்லுக்கும் உள்தடை என்று ஒன்று உண்டு. அதை 20 மில்லிஓம் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து செல்கள் வரிசையாக இருக்க, 30 ஆம்பியர் பாய்ந்தால் 540 வாட்டில் 90 வாட் பேட்டரிக்குள்ளேயே சூடாகப் போய்விடும். மோட்டாருக்குக் கிடைப்பது 18 வோல்ட் அல்ல, 15தான். பத்து செல்கள் இரண்டிரண்டாகச் சுமையைப் பங்கிட்டால் அந்த இழப்பு 45 வாட்டாகக் குறைகிறது. சிறிய பேட்டரி போட்ட கட்டிங் மெஷின் பாதி பலகையில் திணறி நிற்பதற்குக் காரணம் பெரும்பாலும் சார்ஜ் தீர்ந்தது அல்ல; சூடு தாங்காமல் போர்டு மின்சாரத்தை நிறுத்திவிடுவது. அடைத்து வைப்பது எவ்வளவு என்பதைவிட, சூடாகாமல் வெளியே விடுவது எவ்வளவு என்பதே பேட்டரியின் பருமனைத் தீர்மானிக்கிறது.

இதற்கு மூன்று வழிகளில் விடை தேடினார்கள். முதலாவது, செல்லையே கொஞ்சம் பெரிதாக்கியது. 21 மில்லிமீட்டர் குறுக்களவும் 70 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட 21700 செல்லின் கொள்ளளவு பழைய செல்லைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. எடை சுமார் 70 கிராம். பாஷ் 2018இல் வெளியிட்ட புரோகோர் வரிசையின் 4 ஆம்பியர்-அவர் பேட்டரியில் இத்தகைய ஐந்து செல்கள் ஒரே அடுக்கில் அமர்ந்திருக்கின்றன. அதே 4 ஆம்பியர்-அவருக்கு முன்பு பத்து செல்கள், இரண்டு அடுக்கு. செல்களின் எடை 450 கிராமிலிருந்து 350 ஆனது; உயரமும் குறைந்தது. பீரோவுக்குள்ளும் சிங்க் அடியிலும் கையை நுழைத்து வேலை செய்கிறவருக்கு அந்த உயரம் பெரிய விஷயம்.

இரண்டாவது வழியில் உருளையையே விட்டுவிட்டார்கள். செல்போனில் இருப்பதுபோல் தட்டையான பை வடிவச் செல்களை அடுக்கி டிவால்ட் நிறுவனம் 2021 இறுதியில் பவர்ஸ்டாக் பேட்டரியைக் கொண்டுவந்தது. எஃகு உறையும் இல்லை, உருளைகளுக்கு நடுவே வீணாகும் இடைவெளியும் இல்லை. தன் பழைய 2 ஆம்பியர்-அவர் பேட்டரியைவிட இது 25 சதவீதம் சிறியது, 15 சதவீதம் எடை குறைவு, 50 சதவீதம் கூடுதல் வலு என்று அந்த நிறுவனம் சொல்கிறது. கவனிக்க வேண்டியது ஒன்று: இதன் சேமிப்பு 1.7 ஆம்பியர்-அவர்தான். கொஞ்சம் சேமிப்பை விட்டுக்கொடுத்து வலுவை வாங்கியிருக்கிறார்கள். மேலும் பை வடிவச் செல்கள் காலப்போக்கில் உப்பக்கூடியவை. அவற்றை இறுக்கமாகத் தாங்கிப் பிடிக்கும் உறுதியான ஓடு தேவை. அதனால் உறையில் மிச்சமான எடையில் ஒரு பகுதி ஓட்டுக்குத் திரும்பிப் போகிறது.

மூன்றாவதுதான் இப்போது வேகமாகப் பரவுகிறது. வழக்கமான உருளைச் செல்லுக்குள் முழக்கணக்கில் நீளும் மெல்லிய தகடு பாய்போல் சுருட்டப்பட்டிருக்கும். அந்தத் தகடு முழுவதும் உண்டாகும் மின்சாரம் ஓரிடத்தில் ஒட்டியிருக்கும் சிறு பட்டை வழியாகத்தான் வெளியே வர வேண்டும். ஆயிரம் பேர் கூடிய கல்யாண மண்டபத்துக்கு மூலையில் ஒரே ஒரு வாசல் இருப்பதைப் போல. மூன்றாவது வழியான பட்டையில்லாச் செல்லில் தகட்டின் விளிம்பு முழுவதுமே வாசல். உள்தடை வெகுவாகக் குறைகிறது, சூடும் குறைகிறது. டெஸ்லா 2020இல் கார் பேட்டரிக்காக இந்த முறையைப் பற்றிப் பெரிய அளவில் பேசிய பிறகு, கருவிகளின் அளவிலும் இத்தகைய செல்கள் வந்துவிட்டன. முன்பு பத்து செல்கள் வேண்டியிருந்த பல வேலைகளை இத்தகைய ஐந்து செல்லே தாங்குகிறது. எடைக் குறைப்பில் இதுவரை வந்தவற்றுள் விட்டுக்கொடுத்தல் மிகக் குறைவானது இந்த வழிதான்.

பேட்டரிக்கு வெளியே நடந்த மாற்றமும் எடையைக் குறைத்தது. கார்பன் பிரஷ் உரசிச் சுழலும் பழைய மோட்டாரின் இடத்தைப் பிரஷ்லெஸ் மோட்டார் பிடித்தது. உரசலும் பொறியும் இல்லாததால் அதே சார்ஜில் கூடுதல் துளை போட முடிகிறது. 3 ஆம்பியர்-அவர் கேட்ட வேலையை 2 முடித்துவிட்டால் அதுவும் எடைக் குறைப்புதானே! புல் வெட்டும், வேலி கத்தரிக்கும் கருவிகளில் பேட்டரியை முதுகுப்பையாகவே மாட்டிக்கொள்ளும் முறையும் இருக்கிறது. தோட்டத்துக்கு அது சரி, ஏணிக்கு ஒத்துவராது.

நம் ஊர்க் கடைகளிலும் இணையத்திலும் இந்தக் கருவிகள் குவிந்து கிடக்கின்றன. வாங்குகிறவர் முதலில் ஏமாறுவது வோல்ட்டில். 18 என்றும் 20 என்றும் 21 என்றும் எழுதியிருப்பவை பெரும்பாலும் ஒரே ஐந்து செல்கள்தான். சராசரியைச் சொன்னால் 18. முழு சார்ஜில் அளந்தால் ஒரு செல் 4.2 வீதம் 21. விலை குறைந்த கருவிகளில் 48, 88, 128 என்றெல்லாம் ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். உள்ளே இருப்பது அதே ஐந்தின் வரிசை என்றால் அந்த எண்ணுக்கு எந்தப் பொருளும் இல்லை. ஸ்டிக்கரை விட்டுவிட்டுத் தராசை நம்பலாம். பத்து 18650 செல்கள் இருந்தால் பேட்டரி 500 கிராமுக்குக் கீழே வர வழியில்லை. 350 கிராம் எடையுள்ள பேட்டரியில் 6 ஆம்பியர்-அவர் என்று போட்டிருந்தால் அது பொய்.

மற்றபடி, ஸ்க்ரூ இறக்கவும் சுவிட்ச் பாக்ஸ் மாட்டவும் கதவுக் கீல் போடவும் மூன்றே செல் கொண்ட 12 வோல்ட் வகை தாராளமாகப் போதும். அதன் பேட்டரி கைப்பிடிக்குள்ளேயே அடங்கிவிடும். கான்கிரீட் துளைக்கவும் மரம் அறுக்கவும் மட்டும் பெரியதை எடுத்தால் போதும். தலைக்கு மேலே வேலை செய்கிறவர் 5 ஆம்பியர்-அவர் ஒன்று வாங்கும் பணத்தில், 2 ஆம்பியர்-அவர் இரண்டு கிடைக்குமா என்று கடைக்காரரிடம் கேட்டுப் பார்க்கலாம். ஒன்று சார்ஜரில் இருக்கட்டும், ஒன்று கையில் இருக்கட்டும்.