பெட்டிக்குள் ஒரு பியானோ

ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் வாசிகளுக்குச் சத்தம் என்றால் என்னவென்று யாரும் விளக்க வேண்டியதில்லை. நடுநிசியிலும் கண்டெய்னர் லாரி பிரேக் போடும். துறைமுகத்திலிருந்து கப்பல் ஊதும். போதாக்குறைக்கு ரெயில் வண்டி வேறு. இந்த மகா கச்சேரிக்கு நடுவே வீட்டுப் பெண், “அம்மா! நான் பாடுவதை வீட்டிலேயே ஒலிப்பதிவு செய்யப் போகிறேன். பக்கவாத்தியத்துக்கு ஒரு பழைய காலத்து எலெக்ட்ரிக் பியானோ வேண்டும்” என்று கேட்டால் அம்மா என்ன செய்வாள்?

மயக்கம் போட வேண்டாம். அந்தப் பியானோ இப்போது கம்ப்யூட்டருக்குள்ளேயே வந்துவிட்டது. சாப்ட்வேர் பியானோவுக்கு மைக் கிடையாது. ஆகவே, பாட்டைத் தனியாக ஓர் அமைதியான வேளையில் பாடிக் கொள்ளலாம். பியானோவை லாரி ஓடும் நேரத்தில்கூடப் பதிவு செய்யலாம். காதில் ஹெட்போன் இருந்தால் தூங்குகிற குழந்தையும் விழிக்காது. ஆனால் கேள்வி அதோடு முடியவில்லை. இப்படிப்பட்ட பியானோக்கள் ஒன்றா இரண்டா? எதை வாங்குவது?

அதற்கு முன், அசல் வாத்தியத்தைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்து கொள்வது நல்லது.

ஆஸ்பத்திரியில் பிறந்த வாத்தியம்

இரண்டாவது உலக யுத்தத்தின்போது அமெரிக்காவில் ஹெரால்ட் ரோட்ஸ் என்ற பியானோ வாத்தியார், காயம்பட்டுப் படுக்கையில் கிடந்த சிப்பாய்களுக்குப் பியானோ கற்றுக் கொடுத்தார். நோயாளியின் மடியில் பெரிய பியானோவை வைக்க முடியுமா? விமானங்களிலிருந்து கழித்துப் போட்ட அலுமினியக் குழாய்களைக் கொண்டு மடியில் வைத்து வாசிக்கிற சின்னப் பியானோ செய்தார். அந்த யோசனை வளர்ந்து வளர்ந்து, 1965-ல் 73 கட்டைகளுள்ள ‘ரோட்ஸ்’ மின்சாரப் பியானோவாகக் கடைக்கு வந்தது. உள்ளே தந்தி கிடையாது. சிறு சுத்தியல் ஒன்று மெல்லிய எஃகுக் கம்பியைத் தட்டும். அந்த அதிர்வைக் காந்தச் சுருள் வாங்கி மின்சாரமாக்கும். மெதுவாகத் தொட்டால் கோயில் மணியின் கார்வை. ஓங்கி அடித்தால் ஒரு கரகரப்பு.

இதற்குப் போட்டியாக இருந்தது ‘வுர்லிட்ஸர்’. 1950-களில் பிறந்து, அமெரிக்கப் பள்ளிக்கூடங்களில் வகுப்பு வகுப்பாக நின்ற பெட்டி இது. நம் வீட்டு ஆர்மோனியத்தில் இருப்பது போன்ற உலோக நாக்குதான் இதற்குள்ளும் இருக்கிறது. அங்கே காற்று ஊதுகிறது. இங்கே சுத்தியல் தட்டுகிறது. குரலில் கொஞ்சம் கறார். இந்த இரண்டு உற்பத்தியும் 1980-களின் நடுவிலேயே நின்றுபோயின. அதற்குள் 1983-ல் யமஹாவின் ‘டிஎக்ஸ்7’ வந்து, சுத்தியலே இல்லாமல் கணக்குப் போட்டுக் கண்ணாடிக் கிண்ணம் போன்ற பியானோ ஒலியை எழுப்பியது.

நம் சென்னைக்கும் இந்தக் குரல்கள் புதிதல்ல. இளையராஜாவின் குழுவில் பல ஆண்டுகள் கீபோர்டு வாசித்தவர் விஜி மானுவேல். அதே குழுவில் சிறு பிள்ளையாக வாசித்தவர் ஏ.ஆர். ரஹ்மான். எழுபதுகளின் கடைசியிலும் எண்பதுகளிலும் வந்த சினிமாப் பாட்டுகளைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு, இந்த ஒலி வந்தாலே பழைய ரேடியோப் பெட்டி ஞாபகத்துக்கு வரும்.

பழைய அசலையே தேடி வாங்கலாமே என்பீர்கள். ராயபுரத்து ஜன்னல் கம்பியைப் பாருங்கள், விடை தெரியும். உப்புக் காற்று எஃகைச் சும்மா விடாது. இந்த வாத்தியத்தின் உயிரே எஃகில்தான் இருக்கிறது!

நிழற்படமா, இயந்திரமா?

சாப்ட்வேர் பியானோக்களில் இரண்டு ஜாதி உண்டு. முதல் ஜாதி, அசல் வாத்தியத்தின் ஒவ்வொரு கட்டையையும் மெதுவாகவும் ஓங்கியும் பலமுறை அடித்துப் பதிவு செய்து வைத்துக் கொள்கிறது. நிழற்பட ஆல்பம் மாதிரி. குரல் அச்சு அசல். ஆனால் இடம் நிறையப் பிடிக்கும். ‘கீஸ்கேப்’ என்ற தொகுப்பை முழுக்கப் போட 77 ஜிகாபைட் வேண்டும். இரண்டாவது ஜாதி எதையும் பதிவு செய்து வைப்பதில்லை. சுத்தியல் பட்டால் கம்பி எப்படி அதிரும் என்று அந்த நொடியே கணக்குப் போட்டு ஒலிக்கிறது. ‘பியானோடெக்’, ‘லவுஞ்ச் லிஸார்ட்’ போன்றவை இந்த ரகம். சின்னக் கம்ப்யூட்டரிலும் அடங்கும்.

எது உசத்தி? திருவொற்றியூர்க்காரர்களுக்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். அங்கே 1950-களில் தொடங்கிய தொழிற்சாலையில் உருவான புல்லட் மோட்டார் சைக்கிளின் ‘டுப்-டுப்’ சத்தத்தைக் கொஞ்சம் சீர்ப்படுத்தி மழமழவென்று ஆக்கினால் யாராவது ரசிப்பார்களா? அந்த ஒழுங்கீனந்தான் அதன் அழகு. பியானோவும் அப்படியே. கட்டையை விடும்போது கேட்கும் ‘டக்’கென்ற ஒலி, இரண்டு கட்டைகளுக்கு நடுவே உள்ள சிறு வேற்றுமை, ஓங்கி அடித்தால் வரும் கரகரப்பு, இவை இருக்க வேண்டும். ஜாதி எதுவானாலும் சரி, விரலுக்குப் பதில் சொல்கிறதா என்பதே பார்க்க வேண்டியது.

பெண் பார்க்கும் படலம்

பல கம்பெனிகள் பரீட்சைக்கென்று இலவசப் பிரதி தருகின்றன. சிறிது நேரத்தில் தானாக நின்றுவிடும். அல்லது சில ஸ்வரங்கள் பேசாது. நமக்கு அது போதும். திரையில் தெரியும் படத்தில் மரப்பெட்டியும் பழைய கீறல்களும் பிரமாதமாக இருக்கும். போட்டோவைப் பார்த்துச் சம்பந்தம் பேசக் கூடாது!

முதலில் ஒரே கட்டையை மெதுவாகத் தொடங்கிப் படிப்படியாக ஓங்கிப் பத்துத் தடவை அடிக்கச் சொல்லுங்கள். குரல் கொஞ்சம் கொஞ்சமாக மாறினால் நல்லது. படிக்கட்டில் தாவுவதுபோல் திடீரென்று மாறினால் விட்டுவிடலாம். அடுத்து, விரல் பட்டதற்கும் ஒலி வருவதற்கும் இடையே தாமதம் தெரிகிறதா என்று பாருங்கள். நூறில் ஒரு பங்கு வினாடி என்றால் பாதகமில்லை; அதிகமானால் தாளம் கையை விட்டு நழுவும். அது பெரும்பாலும் பியானோவின் குற்றமல்ல. கம்ப்யூட்டரோடு இணைக்கும் ‘ஆடியோ இன்டர்பேஸ்’ என்ற சிறு பெட்டி அதைச் சரி செய்துவிடும்.

பிறகு உங்கள் பாட்டோடு சேர்த்துக் கேளுங்கள். தனியே தேனாக இனிப்பது, பாட்டோடு சேர்ந்தால் குரலை விழுங்கிவிடலாம். தாலாட்டுக்கும் மெல்லிசைக்கும் ரோட்ஸ் பொருந்தும். சட்டியும் டோலக்கும் முழங்கும் கானாவுக்கு நடுவில் காதில் விழ வேண்டுமானால் வுர்லிட்ஸர் பரவாயில்லை. கர்நாடக சங்கீதக் கீர்த்தனைக்கு இவை ஓரமாகத் துணை நிற்கலாமே ஒழிய, கமகத்தை இந்தக் கட்டைகளிடம் கேட்காதீர்கள்.

கடைசிப் பரீட்சைக்கு அம்மாதான் நீதிபதி. இரண்டு மூன்று பியானோக்களை ஒரே அளவு ஒலியில் வைக்க வேண்டும். சத்தம் கூடியது எப்போதும் நல்லதுபோல் தோன்றும். ஆகவே இது முக்கியம். பெயரைச் சொல்லாமல் மாற்றி மாற்றிப் போடட்டும். கண்ணை மூடிக் கேட்டு, “இரண்டாவது” என்று சொல்லுங்கள். கம்பெனிப் பெயர் தெரியாதவர் காதுக்கு விளம்பரம் எட்டாது.

இன்னொரு ரகசியம். ஒலியை மட்டுமல்ல, விரல் எந்தக் கட்டையை எவ்வளவு அழுத்தமாகத் தொட்டது என்பதையும் கம்ப்யூட்டர் குறித்து வைக்கும். இந்த ‘மிடி’ முறை 1983-ல் வந்தது. அழுத்தத்துக்கு 1 முதல் 127 வரை மதிப்பெண். இந்தக் குறிப்பு இருந்தால், இன்று ரோட்ஸில் வாசித்ததை நாளை வுர்லிட்ஸராக மாற்றிக் கேட்கலாம். ஆகவே பணத்தை முதலில் விரலுக்குப் பதில் சொல்லும் நல்ல கீபோர்டில் போடுங்கள். ஆப்பிள் கம்ப்யூட்டரோடு இலவசமாக வரும் ‘கராஜ்பேண்ட்’டிலேயே மின்சாரப் பியானோ இருக்கிறது, ஆரம்பத்துக்கு அது போதும்.

ரஹ்மானின் தந்தை ஆர்.கே. சேகர் 1976-ல் காலமானபோது மகனுக்கு ஒன்பது வயது. கணவர் விட்டுச் சென்ற வாத்தியங்களை வாடகைக்கு விட்டுக் குடும்பத்தைக் காப்பாற்றினார் தாயார் கரீமா பேகம். பின்னால் மகனுடைய ஒலிப்பதிவுக் கருவிக்காகத் தம் நகைகளையும் கொடுத்தார். 1992-ல் ‘ரோஜா’ வந்தது. மற்றது ஊரறிந்த கதை. இன்றைய தாய்க்கு அந்தச் சோதனை இல்லை. வளையல் கையிலேயே இருக்கட்டும். பெண் வாசிக்கும்போது பக்கத்தில் அரை மணி உட்கார்ந்து, எது நன்றாயிருக்கிறது என்று காதாரக் கேட்டுச் சொன்னால் போதும்.