பட்டியலில் இல்லாத பத்து லட்சம்

ஒரு கலைஞனின் முதல் படைப்பு வெளிவந்தவுடனே உலகம் அதற்கு மதிப்பெண் போட்டுவிடுகிறது. பத்திரிகைகள் விமரிசனம் எழுதுகின்றன. விற்பனைப் பட்டியல்கள் அதற்கு ஓர் எண்ணைக் கொடுக்கின்றன, அல்லது கொடுக்காமலே விட்டுவிடுகின்றன. அந்த முதல் மதிப்பெண் எதை அளக்கிறது? எதை அளக்காமல் விடுகிறது? இந்தக் கேள்வியை ஆராய்வதற்கு, அமெரிக்காவின் ஒரு சிறிய இசைக்குழு 1983 ஏப்ரலில் வெளியிட்ட முதல் இசைத்தட்டை எடுத்துக்கொண்டிருக்கிறேன். குழுவின் பெயர் வயலன்ட் ஃபெம்ஸ். இசைத்தட்டின் பெயரும் அதுவே.

"மேலை நாட்டு இசை நமக்கு எதற்கு?" என்று நண்பர்கள் கேட்கக் கூடும். நான் இசை இலக்கணம் பயின்றவன் அல்லன். எங்கள் ஊரில் பாட்டு என்றால் நடவுப் பாட்டும், திருவிழாவில் ஒலிபெருக்கி கட்டிப் போடும் சினிமாப் பாட்டும்தான். விடுதி நண்பர் ஒருவர் தம் கைப்பேசியில் இந்தப் பாடல்களைப் போட்டுக் காட்டினார். பாட்டு பிடித்திருந்தது. ஆனால் இயற்பியல் மாணவனாகிய என்னைப் பாட்டைவிட அதிகமாகப் பிடித்து நிறுத்தியது அதன் பின்னால் இருக்கும் கணக்கு.

தெருவோரத்து மூவர்

விஸ்கான்சின் மாநிலத்தில் மிச்சிகன் ஏரிக்கரையில் இருக்கும் தொழில் நகரம் மில்வாக்கி. கித்தார் மீட்டிப் பாடும் கார்டன் கேனோ, பேஸ் கித்தார் வாசிக்கும் பிரையன் ரிட்சி, தாளம் போடும் விக்டர் டிலோரென்சோ ஆகிய மூவரும் அந்நகரின் தெருவோரங்களில் நின்று வாசித்தவர்கள். தெருவில் மின்சாரம் ஏது? ஆகவே மின்சாரம் வேண்டாத கருவிகளே அவர்களுக்குத் துணை. ரிட்சியிடம் பெரிய வயிறு கொண்ட மரப் பேஸ் கித்தார் இருந்தது. டிலோரென்சோ நின்றுகொண்டே கம்பித் தூரிகையால் டிரம் வாசித்தார். உலோகக் கூடை ஒன்றை டிரம்மின் மேல் கவிழ்த்துப் புதுக் கருவியும் ஆக்கிக்கொண்டார்.

அமெரிக்கக் கிராமப்புறப் பாடல், கறுப்பின மக்களின் புளூஸ், தேவாலயப் பாட்டு ஆகியவற்றிலிருந்து கிளைக்கும் இசையை அங்கே வேரிசை என்ற பொருள்படும் பெயரால் அழைக்கிறார்கள். இம்மூவரும் அந்த வேரோடு 1970களின் பங்க் இசைக்குரிய கோபத்தைச் சேர்த்தார்கள். 'கான் டாடி கான்' என்ற பாடலில் வில்லி டிக்சன் என்னும் புளூஸ் மேதையின் வரிகளை எடுத்தாண்டு, பாடலாசிரியர் பெயரில் அவரையும் சேர்த்திருக்கிறார்கள். அதே பாட்டில் மரக்கட்டைகளைத் தட்டி ஒலியெழுப்பும் சைலஃபோனும் துள்ளுகிறது. இத்தட்டின் பாடல்களில் பெரும்பாலானவற்றைக் கேனோ எழுதியது பள்ளி மாணவனாக இருந்தபோது! தட்டு வெளிவந்த நாளில் அவருக்கு வயது 19.

1981 ஆகஸ்டில் பிரிட்டெண்டர்ஸ் என்ற புகழ்பெற்ற குழு மில்வாக்கியின் ஓரியண்டல் அரங்கத்துக்கு வந்தது. வாசலில் வாசித்துக்கொண்டிருந்த இம்மூவரை முதலில் கவனித்தவர் அக்குழுவின் கித்தார் கலைஞர் ஜேம்ஸ் ஹனிமன் ஸ்காட். அன்றிரவே மேடையில் சில பாடல்கள் பாட அவர்களுக்கு இடம் கிடைத்தது. ஆயினும் எந்தப் பெரிய கம்பெனியும் ஒப்பந்தம் போட முன்வரவில்லை. டிலோரென்சோவின் தந்தை கடனாகக் கொடுத்த 10,000 டாலரில்தான் 1982 ஜூலையில் ஒலிப்பதிவு நடந்தது. அவர்களை முதலில் இனங்கண்ட ஹனிமன் ஸ்காட் அதற்கு முந்திய மாதமே காலமாகிவிட்டார். தம் காதின் கூர்மைக்கு உலகம் சான்று கூறியதை அவர் அறியவில்லை. பின்னர் லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு பங்க் பத்திரிகையிலிருந்து பிறந்த ஸ்லாஷ் என்னும் சிறு நிறுவனம் தட்டை வெளியிட்டது. முன்பணம் எதுவும் தரவில்லை.

விமரிசகரின் தராசு

எழுதிய விமரிசகர்களில் பலர் குழுவை வரவேற்கவே செய்தார்கள். ஆனால் பாராட்டோடு ஓர் ஒப்புமையும் ஒட்டிக்கொண்டே வந்தது. கேனோவின் மூக்கடைத்த, உடைந்து உயரும் குரலைக் கேட்டவர்கள், வெல்வெட் அண்டர்கிரவுண்ட் குழுவின் லூ ரீடைப் போல என்றார்கள். மாடர்ன் லவர்ஸ் குழுவின் ஜோனதன் ரிச்மனைப் போல என்றார்கள்.

ஒப்புமை விமரிசகரின் முதல் கருவி. அதைக் குறைகூற முடியாது. தெரியாத ஒன்றைத் தெரிந்த ஒன்றின் துணையால்தான் விளக்க முடியும். நமக்கும் அணுவைச் சூரிய மண்டலத்தோடு ஒப்பிட்டுத்தானே முதலில் பாடம் சொன்னார்கள்? ஆனால் ஒப்புமை பாதி வழிக்கே துணை வரும். எலக்ட்ரான் கோள் அன்று. கேனோ லூ ரீடும் அல்லர். லூ ரீட் நியூயார்க் நகரத்தின் இருட்டைப் பாடியவர். கேனோ பாடியது காதலிக்க ஆளில்லாத, கார் இல்லாத, தூக்கம் வராத ஓர் இளைஞனின் படபடப்பை. அந்த இளைஞனைக் கேட்டவர்கள் எவர் மாதிரி என்று யோசிக்கவில்லை. "இது நான்" என்றார்கள்.

இன்னொரு தடை, இதை எந்த அலமாரியில் வைப்பது என்பது. பங்க் அலமாரியில் வைக்கலாமென்றால் மின்சாரக் கித்தாரின் இரைச்சல் இல்லை. நாட்டுப்பாடல் அலமாரியில் வைக்கலாமென்றால் சாந்தம் இல்லை. அது எம்.டி.வி. தொலைக்காட்சி 1981இல் தொடங்கி, சிந்தசைசர் ஒலியும் ஒப்பனையும் கொடிகட்டிப் பறந்த காலம். சில பாடல்களில் வசைச் சொற்கள் வருவதால் வணிக வானொலியிலும் அவற்றை ஒலிபரப்ப வழியில்லை.

கணக்கு சொல்லும் கதை

இனி என் துறைக்கு வருகிறேன். அமெரிக்காவில் இசைத்தட்டின் வெற்றியை இரண்டு வகையாக அளப்பார்கள். ஒன்று, பில்போர்டு பத்திரிகையின் வாரப் பட்டியல். அதில் 200 இடங்கள் உண்டு. மற்றொன்று, இசைத்தட்டு உற்பத்தியாளர் சங்கத்தின் சான்றிதழ். 5 லட்சம் பிரதிகள் அனுப்பப்பட்டால் தங்கம், 10 லட்சத்துக்குப் பிளாட்டினம். முதலாவது வேகத்தை அளக்கிறது. இரண்டாவது கடந்த தூரத்தை அளக்கிறது. வேகமானி காட்டும் எண்ணை வைத்து வண்டி எவ்வளவு தூரம் வந்தது என்று சொல்ல முடியுமா?

இந்த இசைத்தட்டு 1983இல் 200 பேர் பட்டியலில் ஏறவில்லை. 1984இலும் இல்லை, 1990 வரையிலும் இல்லை. ஆனால் 1987 டிசம்பரில் தங்கச் சான்றிதழ், 1991 பிப்ரவரியில் பிளாட்டினச் சான்றிதழ்! ஒரு வாரம்கூடப் பட்டியலில் தலைகாட்டாமல் பத்து லட்சத்தை எட்டிய தட்டு.

இது எப்படி முடிந்தது? சுமார் 407 வாரங்களில் 10 லட்சம் என்றால், சராசரியாக வாரத்துக்கு ஏறக்குறைய 2,450 பிரதிகள். அவ்வளவு பெரிய நாட்டில் அது தூறல். ஆனால் எட்டாண்டு விடாது பெய்த தூறல் ஏரியை நிரப்பிவிட்டது.

இன்னும் ஒரு வியப்பு உண்டு. சான்றிதழ் நாட்களை அளவாகக் கொண்டு தோராயமாகப் பார்த்தால், முதல் 5 லட்சத்துக்கு 56 மாதங்கள். அடுத்த 5 லட்சத்துக்கு 37 மாதங்களே. அதாவது மாதத்துக்கு 8,900 என்பது 13,500 ஆகியிருக்கிறது. பொதுவாகப் பாட்டின் விற்பனை கதிரியக்கச் சிதைவைப் போலத் தொடக்கத்தில் உச்சத்திலிருந்து பின் தேய்ந்துகொண்டே போகும். இங்கோ வயது ஏற ஏற வேகமும் ஏறியது. காரணம் கல்லூரிகள்தாம். அங்கே மாணவர்களே நடத்தும் கல்லூரி வானொலி நிலையங்கள் உண்டு. அவற்றில் கேட்டவர்கள் கேசட்டில் பதிந்து அறைத் தோழருக்குக் கொடுத்தார்கள்; அண்ணன் தம்பிக்குக் கொடுத்தான். ஒவ்வோர் ஆண்டும் புதிதாகக் கல்லூரிக்குள் நுழைந்தவர்களுக்கு அது புதிய தட்டாகவே இருந்தது.

1991 மே மாதம் பில்போர்டு தன் அளவுகோலை மாற்றியது. அதுவரை கடைகள் தங்களிடம் எது நன்றாக விற்கிறது என்று வரிசைப்படுத்திச் சொல்வதே ஆதாரம். மே 25 இதழ் முதல், விற்கும்போது பட்டைக் குறியீட்டை வருடிப் பதிவாகும் உண்மைக் கணக்கு ஆதாரமாயிற்று. பத்து வாரங்கள் சென்றன. ஆகஸ்ட் 3ஆம் நாள் பட்டியலில், எட்டு வயதான இந்த இசைத்தட்டு முதன்முறையாக இடம்பெற்றது. அது ஏறிய உச்சம் 171. விமரிசகர்கள் ஒப்பிட்டார்களே, அந்த வெல்வெட் அண்டர்கிரவுண்ட் குழுவின் முதல் தட்டும் 1967இல் தொட்ட உச்சம் அதே 171தான்! இன்று ராக் இசை வரலாறு எழுதுவோர் அத்தட்டைத் தாண்டிச் செல்ல முடிவதில்லை.

விமரிசகரும் திரும்பி வந்தார்கள். 1980களின் சிறந்த நூறு தட்டுகளைப் பிட்ச்ஃபோர்க் இதழ் 2002இல் பட்டியலிட்டபோது இதற்கு 36ஆம் இடம் கொடுத்தது. 2013இல் கோச்செல்லா விழாவில் குழு மீண்டும் கூடித் தட்டு முழுவதையும் பாடியது. இப்போது இதைக் கேட்டுவிட்டு "ஃபெம்ஸ் மாதிரி இருக்கிறது" என்று வேறு இளங்குழுக்களைச் சொல்கிறார்கள். ஒப்பிடப்பட்டவர்களே ஒப்புமைக்கு அளவாகிவிட்டார்கள்.

நமக்கு என்ன?

பட்டியலில் இல்லாததெல்லாம் உயர்ந்தது என்று நான் வாதிடவில்லை. பட்டியலில் ஏறாமல், பத்து லட்சத்தையும் எட்டாமல் போன தட்டுகள் எண்ணற்றவை. அவற்றில் பல அதற்குரியவையே. அளவுகள் பொய் என்றும் சொல்ல மாட்டேன். அளவை மறுத்தால் நான் ஆய்வுக்கூடத்துக்குள் நுழைய முடியாது. நான் சொல்வது இவ்வளவே: ஓர் எண்ணை ஏற்பதற்கு முன், எந்தக் கருவி, எதை, எவ்வளவு காலத்துக்கு அளந்தது என்று கேட்க வேண்டும்.

இதைச் சொல்ல எனக்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். நம் வகுப்பறைகளில் என்னைப் போன்றோர் பலர் இருக்கிறோம். பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழில் படித்துவிட்டு வந்தவனுக்கு முதல் பருவத்து ஆங்கிலப் பாடநூலின் ஒரு பக்கத்தைக் கடக்க ஓர் இரவு வேண்டும். முதல் பருவத்து மதிப்பெண் அந்த ஆறு மாதத்து வேகம். அது சரியான எண்தான். ஆனால் அதைக் கண்டு "நமக்குப் படிப்பு வராது" என்று பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போன நண்பர்களை நான் அறிவேன். அவர்கள் வேகமானியைப் பார்த்துவிட்டுத் தூரத்தை முடிவு செய்துவிட்டார்கள். இரண்டாம் ஆண்டில் எங்களோடு உட்கார்ந்திருக்க வேண்டியவர்கள் அவர்கள்.

அவர்களில் ஒருவரையேனும் தெரிந்தவர் இதைப் படித்தால், பாட்டைப் பற்றிச் சொல்லாவிட்டாலும் கணக்கையாவது எடுத்துச் சொல்லுங்கள். வாரத்துக்கு 2,450 என்பது சிறிய எண்தான். நின்றுவிடாதவரை அது சிறிய எண் அன்று.

— இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (இயற்பியல்)