ரீட்வெல்ட் சுரோடர் வீடு

ரீட்வெல்ட் சுரோடர் வீடு என்பது நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் 1924 ஆம் ஆண்டில் கட்டப்பட்ட ஒரு வீடாகும். கணவரை இழந்த துரூசு சுரோடர், தமது மூன்று பிள்ளைகளுடன் வாழ்வதற்காக இதனைக் கட்டுவித்தார். தளபாடத் தச்சராகத் தொழில் தொடங்கிய கெரிட் ரீட்வெல்ட் இதன் கட்டிடக்கலைஞர் ஆவார். வடிவமைப்பில் சுரோடருக்கும் பெரும் பங்கு உண்டு.

பிள்ளைகளோடு நெருங்கி வாழ விரும்பிய சுரோடர், மேல்தளம் சுவர்களின்றி இருக்கவேண்டும் எனக் கேட்டார். இதனால் அங்கே நகர்த்தக்கூடிய தடுப்புகள் பொருத்தப்பட்டன. பகலில் அவற்றை ஒதுக்கிவிட்டால் தளம் முழுவதும் ஒரே கூடமாகும். இரவில் இழுத்து மூடினால் தனித்தனிப் படுக்கையறைகள் கிடைக்கும். கட்டிட விதிகள் இத்தகைய திறந்த தளத்துக்கு இடம் தராமையால், வரைபடத்தில் அது பரண் என்றே குறிக்கப்பட்டது. கீழ்த்தளத்தில் வழமையான அறைகளே உள்ளன. மேல்தளத்தின் ஒரு மூலையில் தூண் கிடையாது. அங்குள்ள சன்னல்களைத் திறந்தால் மூலையே மறைந்துவிடும்.

டி ஸ்டைல் இயக்கத்துக்குரிய சிவப்பு, மஞ்சள், நீல நிறங்களாலேயே இவ்வீடு பரவலாக அறியப்படுகிறது. எனினும், குடும்பத்தின் அன்றாடத் தேவைக்கேற்ப உருமாறும் தன்மையே இதன் முதன்மையான சிறப்பு எனலாம். நாள்தோறும் தடுப்புகளைக் கையால் நகர்த்த வேண்டியிருந்தும், சுரோடர் 1985 இல் இறக்கும்வரை, ஏறத்தாழ அறுபது ஆண்டுகள், இங்கேயே வாழ்ந்தார். 2000 ஆம் ஆண்டில் யுனெசுக்கோ இதனை உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது.