பதக்கம் வென்றால் பணி; பயிற்சி தந்தவருக்கு?

புதுதில்லி: நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் நிறைவேற்றிய தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டம், விளையாட்டுச் சம்மேளனங்களின் தேர்தல், கணக்கு, வழக்கு ஆகியவற்றை ஒழுங்குபடுத்த வந்த சட்டம். அதற்கு ஒரு மாதம் முன்பு மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த 'கேலோ பாரத்' கொள்கையோ, உலக அரங்கில் இந்தியாவை விளையாட்டு வல்லரசாக்குவது பற்றிப் பேசுகிறது. இந்த இரண்டுக்கும் நடுவே ஒருவர் விடுபட்டுப் போகிறார். ஊர்ப்புற மைதானத்தில் ஒரு குழந்தையின் கையில் முதன்முதலாகப் பந்தைக் கொடுப்பவர்தான் அவர்.

கிரிக்கெட்டிலும் ஹாக்கியிலும் இந்த இடைவெளி அவ்வளவாகக் கண்ணில் படுவதில்லை. அங்கே பள்ளி அணிகள் உள்ளன. மாவட்டச் சங்கங்கள் உள்ளன. தந்தையோ அண்ணனோ ஆடிய ஆட்டம் அது. ரக்பி அப்படியன்று. இந்தியச் சிற்றூர்களில் அதைப் பார்த்து வளர்ந்தவர் எவருமில்லை. யாரேனும் ஒருவர் வந்து கற்றுத்தந்தால் மட்டுமே அந்த ஆட்டம் அங்கே உண்டு. அவர் போய்விட்டால் அதுவும் போய்விடும். ஆகவே அடித்தளப் பயிற்சியாளருக்கு இந்த நாடு தரும் இடம் என்ன என்பதை அறிய ரக்பியைப் போன்ற உரைகல் வேறில்லை.

வெள்ளி நாணயமும் ஜிம்கானா வேலியும்

ரக்பி இந்தியாவுக்குப் புதிதன்று. 1872-இல் கிறிஸ்துமஸ் நாளன்று கல்கத்தாவில் ஆங்கிலேயர்கள் ரக்பி ஆடினர். அதையொட்டித் தோன்றிய கல்கத்தா கிளப் சில ஆண்டுகளிலேயே நலிந்தது. வங்கியில் எஞ்சியிருந்த 270 வெள்ளி ரூபாய் நாணயங்களை உறுப்பினர்கள் உருக்கி ஒரு கோப்பை செய்தனர். மூடியில் யானையும், கைப்பிடிகளாக மூன்று நாகங்களும் கொண்ட அந்தக் கோப்பையை 1878-இல் இங்கிலாந்து ரக்பிச் சங்கத்துக்கு அளித்தனர். இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் இன்றுவரை மோதுவது அந்தக் 'கல்கத்தா கோப்பை'க்காகத்தான்.

கோப்பை கடல் கடந்து சென்றது. ஆட்டமோ ஜிம்கானாக்களின் வேலிக்குள்ளேயே நெடுங்காலம் தங்கிவிட்டது. அகில இந்தியப் போட்டி 1924-லிருந்து நடந்துவந்தபோதிலும், தோட்டத் துரைமார்கள், ராணுவத்தினர், பெருநகர கிளப் உறுப்பினர்கள் என்ற வட்டத்துக்கு வெளியே அது பரவவில்லை. இந்திய ஆடவர் அணி தன் முதல் சர்வதேச ஆட்டத்தை ஆடியதே 1998-இல்தான்.

வேலியைத் தாண்டும் முயற்சி மும்பையில் தொடங்கிற்று. பம்பாய் ஜிம்கானாவில் ரக்பி ஆடிவந்த மேத்யூ ஸ்பேசி என்ற ஆங்கிலேயர், எதிரேயுள்ள நடைபாதைக் கடைத்தெருவிலிருந்து வேடிக்கை பார்த்த சிறுவர்களை மைதானத்துக்குள் அழைத்தார். அந்தப் பயிற்சியிலிருந்து 1999-இல் பிறந்ததுதான் 'மேஜிக் பஸ்' தொண்டு நிறுவனம். கொல்கத்தாவில் பிரிட்டிஷ் தூதரக அதிகாரியாக இருந்த பால் வால்ஷ் 2004-இல் 'ஜங்கிள் குரோஸ்' என்ற அணியைத் தொடங்கினார். பின்னர் தூதரகப் பணியையும் விட்டுவிட்டார். 'கேலோ ரக்பி' என்ற பெயரில் சேரிப் பகுதிகளுக்கும் சிற்றூர்களுக்கும் ஆட்டத்தைக் கொண்டு சென்றது அந்த அமைப்பே.

தேயிலைக்கு நடுவே

அப்படி அது சென்ற இடங்களில் ஒன்று, மேற்கு வங்கத்தின் ஜல்பைகுரி மாவட்டத்தில் பைகுந்தபூர் காட்டை ஒட்டியுள்ள சரஸ்வதிபூர் தேயிலைத் தோட்டம். ஆங்கிலேயர் காலத்தில் சோட்டா நாகபுரியிலிருந்து கொண்டுவரப்பட்ட பழங்குடிகளின் வழித்தோன்றல்களும் நேபாளி மொழி பேசுவோரும் கலந்து வாழும் தோட்டப் பகுதி இது. மேற்கு வங்கத் தேயிலைத் தொழிலாளியின் நாட்கூலி 2023-இல்தான் 250 ரூபாயாக உயர்த்தப்பட்டது. வேலை வாங்கித் தருவதாகச் சொல்லிச் சிறுமிகளை வெளிமாநிலங்களுக்குக் கடத்தும் தரகர்கள் நடமாடும் பகுதி என்றும் வடவங்கத் தோட்டங்களுக்குப் பெயருண்டு.

2013-இல் பாதிரியார் ஒருவரின் உதவியோடு ரக்பி அங்கே வந்தது. சிறுவர்களோடு சிறுமிகளும் களத்தில் இறங்கினர். கால்பந்து அங்கே ஏற்கெனவே ஆண்பிள்ளைகளின் ஆட்டமாகிவிட்டிருந்தது. ரக்பி அப்படி யாருக்கும் சொந்தமாகியிருக்கவில்லை. 'இது பெண்கள் ஆடுவதன்று' என்று சொல்ல ஊரில் எவருக்கும் முன்னுதாரணம் இல்லை. சில ஆண்டுகளுக்குள் சரஸ்வதிபூர்ப் பெண்கள் வங்க அணியிலும், பிறகு இந்திய அணியிலும் இடம்பெற்றனர். அவர்களுள் ஒருவரான சந்தியா ராய், ஆசிய ரக்பி அமைப்பு முன்னிறுத்திய 'தடுக்க இயலாதவர்கள்' வரிசையில் சேர்க்கப்பட்டார். களத்தில் ஆடியவர்களே அடுத்து வந்த சிறுமிகளுக்குக் கற்றுத்தரத் தொடங்கியதுதான் இதில் முக்கியமானது. வெளியிலிருந்து வந்த பயிற்சி, ஊருக்குள்ளேயே கைமாறலாயிற்று.

தோட்டத் தொழிலாளர்களுக்குப் பொழுதுபோக்கு வசதி செய்துதரும் பொறுப்பை நிர்வாகத்தின்மீது சுமத்த 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டமே வழிசெய்திருந்தது. ஆயினும் ஒரு தோட்டத்துப் பிள்ளைகளுக்கு மைதானமும் பயிற்சியாளரும் கிடைக்கத் தொண்டு நிறுவனம் ஒன்று வரவேண்டியிருந்தது.

விடுதியும் வயல்வெளியும்

ஒடிசாவின் பாதை வேறு. புவனேசுவரத்திலுள்ள கலிங்கா சமூக அறிவியல் நிறுவனம், பழங்குடிப் பிள்ளைகளுக்கான மாபெரும் விடுதிப் பள்ளி. அங்கு பயின்ற 12 சிறுவர்கள் 2007-இல் லண்டனில் நடந்த 14 வயதுக்குட்பட்டோருக்கான சர்வதேசப் போட்டியில் வென்று திரும்பினர். அந்த வெற்றி பின்னர் 'ஜங்கிள் கிரை' என்ற திரைப்படமாகவும் வெளிவந்தது. இந்திய மகளிர் 15 பேர் அணி தன் முதல் சர்வதேச ஆட்டத்தை 2018-இல் ஆடியது. மறு ஆண்டே பிலிப்பைன்ஸில் சிங்கப்பூரை 21-19 என்ற புள்ளிக்கணக்கில் வென்று முதல் வெற்றியைப் பெற்றது. அந்த அணியில் ஒடிசாப் பெண்களின் பங்கு பெரிது.

விடுதிப் பள்ளியில் உணவு, மைதானம், முழுநேரப் பயிற்சியாளர் ஆகிய மூன்றும் ஒரே கூரையின்கீழ் கிடைக்கின்றன. அதேசமயம், பழங்குடிப் பிள்ளைகளை அவர்களது மண்ணிலிருந்தும் மொழியிலிருந்தும் பிரிப்பதாக இம்முறைமீது மானுடவியலாளர்களும் பழங்குடி அமைப்புகளும் குற்றஞ்சாட்டி வருகின்றனர். 2023-இல் அந்நிறுவனத்தோடு இணைந்து உலக மானுடவியல் மாநாட்டை நடத்தவிருந்த சர்வதேசச் சங்கம், இத்தகைய எதிர்ப்பை அடுத்து 2020-இல் கூட்டிலிருந்து விலகிக்கொண்டது. ஆட்டத்துக்காகப் பிள்ளை ஊரைவிட்டுப் போக வேண்டுமா, ஆட்டம் ஊரைத் தேடி வர வேண்டுமா என்ற கேள்வி இங்கே எழுகிறது.

பிகாரில் அது ஊரைத் தேடித்தான் வந்தது. பாட்னா மாவட்டத்தின் பாட் பகுதியைச் சேர்ந்த ஸ்வீட்டி குமாரி, முதலில் ஓட்டப்பந்தய வீராங்கனை. ரக்பிக்கு மாறிய அவரை 2019-இல் ஆசியாவின் அதிவேக வீராங்கனை என்று ஆசிய ரக்பி அமைப்பு பாராட்டியது. நாளந்தா மாவட்டத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்த ஸ்வேதா ஷாஹியும் இந்திய அணிக்கு ஆடினார். பதக்கம் வென்றோருக்கு அரசுப் பணி என்ற திட்டத்தைப் பிகார் அரசு நடைமுறைப்படுத்தியது. 2025 ஆகஸ்டில் ராஜ்கிரில் நடந்த 20 வயதுக்குட்பட்டோர் ஆசியப் போட்டியில் இந்தியப் பெண்கள் வெண்கலம் வென்றனர்.

கற்றுத்தருவது எளிதன்று

முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடி, எதிரணியின் கோட்டுக்கு அப்பால் தரையில் வைத்தால் 5 புள்ளி. பந்தை முன்னோக்கி எறியக் கூடாது. பக்கவாட்டிலோ பின்னோக்கியோதான் தர வேண்டும். பந்தோடு வருபவரைக் கட்டிப்பிடித்து வீழ்த்தலாம். சடுகுடு தெரிந்த பிள்ளைகளுக்கு இது விளங்க அதிக நேரம் ஆகாது. ஆனால், வீழ்த்துவதைக் கற்றுத்தருவதில்தான் பயிற்சியாளரின் பொறுப்பு அடங்கியிருக்கிறது.

சிறு பிள்ளைகளுக்கு முதலில் உடல்மோதல் இல்லாத ஆட்டமே கற்றுத்தரப்படுகிறது. இடுப்புப் பட்டையில் இரு நாடாக்கள் தொங்கும். நாடாவை உருவினால் பிடித்ததாகக் கணக்கு. பிறகு மண்டியிட்ட நிலையில், அடுத்து நடந்துகொண்டு, கடைசியாக ஓடிக்கொண்டு என்று படிப்படியாகவே பிடி பழக்கப்படுகிறது. தன் தலையை எதிராளியின் உடலுக்குக் குறுக்கே வைக்காமல் பக்கவாட்டில் வைப்பது முதற்பாடம். கழுத்துக்கு மேல் கை போகக் கூடாது என்பது அடுத்த பாடம்.

தலையில் அடிபட்டதாகச் சந்தேகம் எழுந்தாலே ஆட்டக்காரரை உடனே வெளியேற்ற வேண்டும். அன்று மீண்டும் இறக்கக் கூடாது என்பது உலக ரக்பி அமைப்பின் விதி. தலைக்காயங்கள் குறித்த அச்சம் காரணமாக, இங்கிலாந்தில் உள்ளூர் ஆட்டங்களில் மார்பெலும்பின் அடிப்பகுதிக்கு மேல் பிடிப்பது 2023 ஜூலை முதல் தடைசெய்யப்பட்டுள்ளது. மருத்துவமனை பல கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் ஒரு தோட்டத்திலோ சிற்றூரிலோ அடிபட்ட பிள்ளையின் கண்ணைப் பார்த்து, 'இன்று நீ ஆட வேண்டாம்' என்று முடிவெடுப்பவர் அந்தப் பயிற்சியாளர் ஒருவரே. மருத்துவர் செய்ய வேண்டிய கணிப்பைச் செய்யும் அவர், பல இடங்களில் தாமே இருபது வயதைத் தாண்டாதவர்.

யாருடைய பொறுப்பு?

அரசமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் விளையாட்டு மாநிலப் பட்டியலின் 33-ஆவது இனத்தில் உள்ளது. பணம் பெரிதும் இருப்பதோ மத்தியில். 2025-26 நிதியாண்டில் மத்திய விளையாட்டு அமைச்சகத்துக்கு 3,794 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. அதில் 'கேலோ இந்தியா' திட்டத்துக்கு மட்டும் 1,000 கோடி. இத்திட்டத்தின்கீழ் மாவட்டங்களில் அமையும் மையங்கள், முன்னாள் சாதனையாளர்களைப் பயிற்சியாளர்களாக அமர்த்தும் நோக்கம் கொண்டவை. நோக்கம் நல்லதே. ஆனால், வெற்றிப் பட்டியலில் பெயர் இல்லாமல், பத்தாண்டுகளாக ஊர்ப் பிள்ளைகளைத் திரட்டி ஆடவைக்கும் பெண்ணுக்கு அதில் எளிதில் இடம் கிடைப்பதில்லை. இந்திய விளையாட்டு ஆணையத்தின் பயிற்சியாளர் பணிக்குப் பாட்டியாலா பட்டயமோ அதற்கு இணையான தகுதியோ உயர்ந்த சர்வதேசச் சாதனையோ தேவை. சிறந்த பயிற்சியாளர்களுக்கென 1985-இல் ஏற்படுத்தப்பட்ட துரோணாச்சாரியார் விருதும், மாணவர் வென்ற பதக்கத்தை வைத்தே ஆசானை அளக்கிறது.

இதன் விளைவு வெளிப்படையானது. பதக்கம் வென்ற பெண்ணுக்கு அரசுப் பணி கிடைக்கிறது, அது வரவேற்கத்தக்கது. ஆனால், அவர் பணிக்குப் போன பிறகு, அவருக்குக் கற்றுத்தந்தவரும் வேறு பிழைப்பைத் தேடிப் போனால், அடுத்த பெண் எங்கிருந்து வருவாள்? தொண்டு நிறுவனத்தின் நன்கொடை ஓராண்டு குறைந்தால், அதிகம் அடிபடுவது அந்தப் பயிற்சியாளரின் மாதச் சம்பளமே.

மறுபுறம், ஆட்டத்தின் உச்சியில் பணம் வரத் தொடங்கிவிட்டது. நடிகரும் முன்னாள் இந்திய வீரருமான ராகுல் போஸ் தலைமையேற்ற பின் இந்திய ரக்பிச் சங்கம் நடத்திய ரக்பி பிரீமியர் லீக், 2025 ஜூனில் மும்பையில் நடந்தது. ஆறு அணிகள், அணிக்கு 13 பேர், அவர்களுள் இந்தியர் ஐவர். இறுதி ஆட்டத்தில் சென்னை புல்ஸ் அணி 41-0 என்ற கணக்கில் தில்லி ரெட்ஸ் அணியை வென்றது. சென்னையின் பெயர் தாங்கிய அணி வென்றதில் தமிழர்களுக்கு மகிழ்ச்சிதான். ஆனால், அது ஆடவர் போட்டி. சரஸ்வதிபூரிலும் நாளந்தாவிலும் புவனேசுவரத்திலும் இந்த ஆட்டத்துக்கு முகம் தந்தவர்களில் பெண்களே முன்னணியில் இருக்க, அந்த அரங்கில் அவர்களுக்கு ஆட இடமிருக்கவில்லை.

சிறு தொகை, பெரும் பயன்

இதற்குத் தீர்வு காணப் புதிய அமைச்சகமோ மாபெரும் அரங்கமோ தேவையில்லை. பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போடுவதையும் சத்துணவு வழங்குவதையும் உள்ளூர்ப் பெண்களைக் கொண்டே இந்த நாடு செய்துகாட்டியிருக்கிறது. அதே முறையில், ஊரிலேயே வாழும் பயிற்சியாளருக்கு மாதாந்திர மதிப்பூதியம், முதலுதவிப் பயிற்சி, பிள்ளைகளுக்கு விபத்துக் காப்பீடு, பள்ளி மைதானத்தை மாலையில் பயன்படுத்தும் உரிமை ஆகிய நான்கையும் மாநில அரசுகள் உறுதிசெய்யலாம். 'கேலோ இந்தியா' நிதியில் ஒரு பங்கைப் பதக்க எண்ணிக்கையோடு கட்டாமல், எத்தனை பிள்ளைகள் இடைவிடாது களத்துக்கு வருகிறார்கள், அவர்களில் எத்தனை பேர் பள்ளிப் படிப்பைத் தொடர்கிறார்கள் என்பதைக் கொண்டு வழங்கலாம். அங்கன்வாடி, ஆஷா பணியாளர்களைக் குறைந்த தொகையில் உழைக்கவைத்த தவறு இங்கே திரும்ப நேராதிருக்க, அந்த மதிப்பூதியம் நியாயமான ஊதியமாகவும் இருக்க வேண்டும்.

ரக்பியால் இந்தியாவுக்கு ஒலிம்பிக் பதக்கம் வருமா என்பது நெடுங்காலக் கேள்வி. ஆனால், பதினான்கு வயதில் மணமேடைக்கோ தரகர் கைக்கோ போகாமல், மாலையில் மைதானத்துக்கு ஓடிவரும் ஒரு சிறுமியின் கணக்கு பதக்கப் பட்டியலில் வருவதில்லை. அந்தக் கணக்கை வைத்திருப்பவர் அவளது பயிற்சியாளர். அவரை ஊரில் தங்கவைக்க வழி செய்யாத எந்தக் கொள்கையும், வேருக்கு நீர் ஊற்றாமல் கனியை எண்ணுவதாகவே முடியும்.