கேரவனாக மாறும் வேன்: உட்புறப் பலகை முதல் ஃபோம் வரை கவனிக்க வேண்டியவை

வேனைப் படுக்கை, சமையல் மேடையுடன் கூடிய கேரவனாக மாற்றுவோர் பலரும் முதலில் பார்ப்பது பலகையின் தோற்றத்தையும் விலையையும்தான். வாகனத்தினுள் அவற்றைவிட முக்கியமானவை எடை, ஈரம், தீ ஆகிய மூன்றுமே.

எம்டிஎஃப், பார்ட்டிகிள் போர்டு ஆகியவை மலிவானவை. ஆனால், கேரளம், கொங்கண் போன்ற மழை மிகுந்த பகுதிகளில் அவை ஈரத்தை உறிஞ்சி உப்பிவிடும். அதிர்வில் திருகாணிகளும் தளரும். எட்டுக்கு நான்கு அடி அளவுள்ள 18 மி.மீ. எம்டிஎஃப் பலகை ஒன்றே ஏறத்தாழ 40 கிலோ எடை கொண்டது. பிளைவுட்டிலும் வேறுபாடு உண்டு. ஐ.எஸ். 303 தரத்தின் எம்.ஆர். ரகம் காற்றின் ஈரப்பதத்தைத் தாங்கும், தேங்கும் நீரைத் தாங்காது. கழுவுதொட்டி அருகே, கொதிநீரிலும் பிரியாத பசையால் ஒட்டப்பட்ட ஐ.எஸ். 710 ரகமே பொருத்தமானது. அலமாரிகளுக்கு 12 மி.மீ. தடிமனே பெரும்பாலும் போதுமானது.

லடாக் போன்ற குளிர்ப்பகுதிகளில், உறங்குவோரின் மூச்சுக்காற்றிலுள்ள ஈரம் இரும்புத் தகட்டில் நீராகப் படியும். கண்ணாடிக் கம்பளி நனைந்தால் பயனற்றுப்போகும். பலகைக்குப் பின்னால் துரு பரவுவதும் வெளியே தெரியாது. நைட்ரைல் ரப்பர் போன்ற, நீரை உறிஞ்சாத ஃபோமைத் தகட்டோடு இடைவெளியின்றி ஒட்டுவதே நல்லது. தெர்மாகோலை அறவே தவிர்க்க வேண்டும். எரியும்போது அது கக்கும் கரும்புகை, அடுப்பும் படுக்கையும் ஒரே அறையில் இருக்கும் வாகனத்தில் உயிருக்கே ஆபத்தானது. மெத்தை உறை, திரைத்துணி வாங்கும்போது, வாகன உட்புறப் பொருள்களின் தீப்பற்றும் தன்மைக்கான ஐ.எஸ். 15061 தரத்தைக் கேட்டு வாங்கலாம்.

பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறும் வகையில் வாகனத்தை மாற்றியமைப்பதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு கட்டுப்படுத்துகிறது. எனவே, பலகை வாங்கும் முன்பே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தை அணுகுவது செலவை மிச்சப்படுத்தும்.